சுண்ணாம்புக்கு இப்புறம்: நடுநாட்டுப் பனைவெல்லமும் காட்டுத்தேனும்

பனம்பாளையிலிருந்து சொட்டும் சாறு கலயத்தில் விழுந்த சில மணி நேரத்துக்குள் புளிக்கத் தொடங்கிவிடும். காற்றிலும் பாளையின் வெட்டுவாயிலும் பழைய கலயத்தின் சுவரிலும் இருக்கும் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் அந்த வேலையைச் செய்கின்றன. இரவில் கட்டிய கலயம் விடியும்போது கள்ளாக இறங்கும். அதே கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு பூசியிருந்தால் சாற்றின் புளிப்பு அடங்கி, நுண்ணுயிர் பெருகாமல், இனிப்பு இனிப்பாகவே நிற்கும். அதற்குப் பதநீர் என்று பெயர். மரமும் பாளையும் ஏறுபவரும் ஒன்றே. கள்ளுக்கும் பதநீருக்கும் நடுவில் இருப்பது விரலளவு சுண்ணாம்பு மட்டுமே. பனைவெல்லத் தொழிலின் வரலாற்றை, வரி கேட்ட அரசும் மதுவை விலக்கிய அரசும் அந்தச் சுண்ணாம்பை எப்படிப் பார்த்தன என்பதைக் கொண்டே பெருமளவு சொல்லிவிடலாம்.

தேனுக்கு அந்தச் சிக்கல் இல்லை. பூவிலிருந்து எடுத்த மதுவைத் தேனீக்கள் சிறகால் விசிறி வற்றவைத்து, ஈரம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கியபின் மெழுகால் மூடி முத்திரையிடுகின்றன. அவ்வளவு கெட்டியான இனிப்பில் நுண்ணுயிர் பிழைப்பது அரிது. பனஞ்சாறு மனிதர் காய்ச்சினால்தான் நிற்கும். தேனைக் காய்ச்சி முடித்தவை தேனீக்கள்.

இந்த இரண்டு இனிப்புகளையும் நாம் நின்று பார்க்கும் ஊரான வடக்குத்து, பண்ருட்டியிலிருந்து வடலூர் போகும் நெடுஞ்சாலையில், நெய்வேலி நகரியத்தை ஒட்டி இருக்கிறது. கடலூர் மணற்கல் என்று நிலவியலார் அழைக்கும் செம்மண் மேட்டு நிலம் இது. கடலூருக்கு அருகே கேப்பர் மலையாக எழுந்து நிற்கும் அதே பாறைதான் இங்கே மேடாகக் கிடக்கிறது. மழைநீர் சீக்கிரம் உள்ளே இறங்கிவிடும் இந்த மண்ணில் முந்திரியும் பலாவும் புளியும் வேம்பும் பனையும் நன்றாக வளரும். பனை இந்த வட்டாரத்துக்கு மிகப் பழையது. தென்னார்க்காட்டு மணற்கல்லில் கிடைத்த, பனைக் குடும்பத்தைச் சேர்ந்த மரமொன்றின் கல்லான தண்டுக்குத் தாவரவியலார் ஆற்காட்டின் பெயரையே சூட்டியிருக்கிறார்கள். அது இன்றைய பனைக்கு நேர் முன்னோர் அல்ல; குடும்பம் மட்டும் ஒன்று.

சைவ மரபு இந்தப் பகுதியை நடுநாடு என்று பிரிக்கிறது. நடுநாட்டுத் தலங்களில் புறவார் பனங்காட்டூர் என்று தேவாரம் பாடும் ஊர், இன்று விக்கிரவாண்டிக்கு அருகே பனையபுரம். அங்கே தலமரமே பனை. விக்கிரவாண்டியில் பிரியும் சாலைதான் பண்ருட்டி, வடக்குத்து, வடலூர் வழியாகக் கும்பகோணம் போகிறது. வடதமிழ்நாட்டில் பனையேறும் தொழிலைப் பெரும்பாலும் கிராமணி என்று அழைக்கப்பட்டவர்கள் செய்துவந்தார்கள். ஊர்ப் பெயரிலும் ஏரிக்கரையிலும் வரப்பிலும் பனை இருந்தும், தெற்கே திருச்செந்தூர்த் தேரி நிலத்தைப் போல முழுக்கப் பனையை நம்பிய ஊர்கள் நடுநாட்டில் குறைவு. இங்கே அது விவசாயத்தோடு ஒட்டிய பருவத் தொழில்.

தேனெடுப்பு இதைவிடவும் முந்தியது. சங்கப் பாட்டுகளில் தேன் மலைநாட்டுப் பொருள். பாரியின் பறம்பு மலையில் உழாமலே கிடைக்கும் நான்கு விளைவுகளைப் புறநானூற்றில் கபிலர் அடுக்குகிறார்: மூங்கில் நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன். மலைபடுகடாம், தேன் எடுக்கச் செங்குத்துப் பாறையில் சாத்திய கணுமூங்கில் ஏணியைச் சொல்கிறது. அதற்கு மால்பு என்று பெயர். இந்த முறை அழிந்துவிடவில்லை. நீலகிரியில் குறும்பர்கள் காட்டுக்கொடியைத் திரித்துச் செய்த ஏணியில் பாறை முகட்டிலிருந்து இறங்கி, பச்சிலைக் கட்டைப் புகைய விட்டுப் பெருந்தேனீயின் அடையை அறுக்கிறார்கள். ஆந்திரத்து நல்லமலையின் செஞ்சுக்களிடம், மேலே கயிற்றைப் பிடித்து நிற்பவன் மைத்துனனாக இருக்க வேண்டும் என்பது வழக்கு. தங்கை தாலியறுக்கக் கூடாது என்று கயிற்றை விடாமல் பிடிப்பான் என்பது அதன் உட்பொருள்.

பழைய தென்னார்க்காடு மாவட்டத்தில் மலைத்தேனுக்குரிய இடம் மேற்கே கல்வராயன் மலை. 1993-ல் மாவட்டம் பிரிந்தபோது அது விழுப்புரம் பக்கம் போயிற்று. சமவெளியான வடக்குத்துப் பக்கம் கிடைப்பது வேறு வகைத் தேன். முந்திரிக் கிளையிலும் வேலிப் புதரிலும் கையகல அடை ஒன்றை மட்டும் தொங்கவிடும் கொம்புத்தேனீ. மரப்பொந்திலும் கரையான் புற்றிலும் அடுக்கடுக்காக அடை கட்டும் பொந்துத்தேனீ. சுவர் இடுக்கில் பிசினால் குழாய் வாசல் வைக்கும் கொசுத்தேனீ. உயர்ந்த மரத்திலும் தண்ணீர்த் தொட்டியின் அடியிலும் பெரிய அடை கட்டும் பெருந்தேனீயும் பருவத்துக்கு வந்து போகும். தை முதல் பங்குனி வரை முந்திரி பூக்கும். அதைத் தொடர்ந்து வேம்பு. தேன் அந்தக் கணக்கில் சேரும். கொம்புத்தேனீ அடையில் சில நூறு கிராமுக்கு மேல் தேறாது. பெருந்தேனீ அடையில் கிலோக் கணக்கில் கிடைக்கும். ஆனால் அதைக் கலைப்பவர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் ஏற வேண்டும்.

எடுக்கும் முறையில்தான் தேனின் தரம் இருக்கிறது. பெருந்தேனீயும் கொம்புத்தேனீயும் அடையின் மேல்தலையில், கிளையை ஒட்டித் தேனைச் சேர்க்கும். கீழ்ப்பகுதி புழுவும் முட்டையும். தலைப்பகுதியை மட்டும் அறுத்து, மீதியை மரத்திலேயே விட்டுவிடுபவர் கைதேர்ந்தவர். முழு அடையையும் கையால் கசக்கிப் பிழிந்தால் புழுச்சாறும் மகரந்தமும் கலந்து தேன் கலங்கும், சீக்கிரம் நுரைக்கும். மூடாத அறைத் தேனில் ஈரம் அதிகம். அதனால் மெழுகு மூடிய பகுதியைத் தனியே எடுத்து, துணியில் கட்டித் தொங்கவிட்டுச் சொட்டுச் சொட்டாக வடிய விடுவார்கள். வடிந்ததை ஓரிரு நாள் அசையாமல் வைத்தால் மெழுகுத் துணுக்கும் நுரையும் மேலே வரும். அதை வழித்தெடுத்து வாய் கட்டிய கலத்தில் வைப்பார்கள். பதப்படுத்தும் நிலையங்கள் வெந்நீர்த் தொட்டியில் கலத்தை இறக்கி 60 பாகைக்குச் சற்று மேல் சூடாக்கி ஈஸ்ட்டைக் கொல்கின்றன. நேரடி நெருப்பில் வைத்தால் நிறமும் மணமும் கெட்டுவிடும்.

பிழிந்த சக்கையும் வீணாகாது. உருக்கி வடித்தால் தேன்மெழுகு. காவிரிக் கரையின் செப்புத் திருமேனிகள் இந்த மெழுகோடு குங்கிலியம் கலந்து செய்த உருவின் மேல் களிமண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகம் ஊற்றி வார்க்கப்பட்டவை. சோழர் படிமக் கலையைப் பேசும் புத்தகங்கள் காட்டில் புகைமூட்டி அடை அறுத்தவரைப் பேசுவதில்லை.

பனைக்கு வருவோம். பனையில் ஆண் வேறு, பெண் வேறு. இரண்டிலும் சாறு இறக்கலாம். ஆண்பனையில் விரல்விரலாக நீளும் பூந்தண்டுகளை அலகு என்பார்கள். சாறு தானாக வராது. கடிப்பு என்னும் மர இடுக்கியால் பாளையை மெல்ல நசுக்கி, சில நாள் விடாமல் பதம் செய்து, பிறகு நுனியை மெல்லிய தகடாகச் சீவ வேண்டும். நசுக்குவது அதிகமானால் பாளை அழுகிவிடும். குறைந்தால் சாறு இறங்காது. இந்தப் பதத்தைச் சொல்லித்தர முடியாது, பக்கத்தில் ஏறித்தான் கற்க வேண்டும். அதன்பின் காலையும் மாலையும் ஏறி, ஒவ்வொரு முறையும் நுனியைப் புதிதாகச் சீவி, கலயத்தை மாற்ற வேண்டும். ஒருநாள் சீவத் தவறினால் வெட்டுவாய் காய்ந்து சாறு நின்றுபோகும். நெஞ்சை மரத்தில் உராயவிட்டு, காலில் தளைநார் மாட்டி, இடுப்பில் அரிவாள் பெட்டியும் சுண்ணாம்பும் கலயமுமாக ஒருவர் நாளுக்கு முப்பது, நாற்பது மரம் ஏறுவார். மரத்தின் உயரம் ஐம்பது, அறுபது அடி. தை, மாசியில் தொடங்கும் பருவம் ஆனி, ஆடியோடு முடியும்.

காய்ச்சுவது பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் வேலை. தொழிலைப் பற்றி எழுதியவர்கள் மரத்தையே அண்ணாந்து பார்த்தார்கள். அடுப்படியைக் குனிந்து பார்த்தவர்கள் குறைவு. விடிந்ததும் இறங்கும் பதநீரை வெயில் ஏறுமுன் வடிகட்டி வாயகன்ற கொப்பரையில் ஊற்றிவிட வேண்டும். காய்ந்த ஓலையும் மட்டையும் பாளைச் சக்கையுமே விறகு. கொதி எழும்போது நுரை பொங்கி வழியும். நசுக்கிய ஆமணக்கு விதை இரண்டைப் போட்டால் அடங்கிவிடும். இரண்டு, மூன்று மணி நேரத்தில் சாறு பொன்னிறமாகி, பிறகு செம்மையேறி, பாகாகும். பாகின் துளியைத் தண்ணீரில் விட்டால் கரையாமல் உருண்டு திரள வேண்டும். அதுதான் பதம். உடனே இறக்கித் துடுப்பால் கடைந்து, மணல் மணலாகத் திரியும்போது தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றுவார்கள். ஆறியபின் தட்டினால் அரைவட்டக் கட்டியாக விழும். தெற்கில் கருப்பட்டி, வடக்கில் பெரும்பாலும் பனைவெல்லம். சாற்றில் இனிப்பு நூற்றுக்குப் பன்னிரண்டு பங்குபோல இருப்பதால், ஒரு கிலோ வெல்லத்துக்கு ஏழெட்டு லிட்டர் பதநீர் போய்விடும். சுண்ணாம்பு மிஞ்சினால் வெல்லம் காரமாகும், இளகும்; குறைந்தால் சாறு புளித்து, எவ்வளவு காய்ச்சினாலும் கட்டி கூடாது.

பனங்கற்கண்டுக்குப் பொறுமை வேண்டும். கருப்பட்டிப் பதத்துக்கு முன்பே பாகை இறக்கி, வடிகட்டி, நூல் கட்டித் தொங்கவிட்ட கலத்தில் ஊற்றி, அசையாத இடத்தில் வைத்துவிடுவார்கள். ஒரு மண்டலம் கழித்து, அதாவது நாற்பது நாளுக்கு மேல், நூலிலும் கலச் சுவரிலும் படிகம் படிந்திருக்கும். மீந்த பாகை வடித்துவிட்டு, கற்கண்டைக் கழுவி வெயிலில் உலர்த்துவார்கள்.

இனிப்புகளின் பெயரிலேயே தமிழர் அவற்றின் ஊரைச் சொல்லிவைத்திருக்கிறார்கள். சீனி சீனத்திலிருந்து வந்தது. அஸ்கா என்ற சர்க்கரை, அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்த கஞ்சம் மாவட்டத்து அஸ்கா ஊரின் ஆலையிலிருந்து வந்தது. வெல்லத்துக்கு ஆங்கிலேயர் வழங்கும் ஜாகரி என்ற சொல், சர்க்கரை என்பதன் மலையாள வடிவைப் போர்த்துகீசியர் திரித்து வழங்கியதிலிருந்து வந்தது. வடக்குத்துக்கு அருகே வடலூரில் 1867-ல் சத்திய தருமச்சாலை தொடங்கிய வள்ளலார், இறையனுபவத்தைச் சொல்லும் ஒரு பாட்டில் முக்கனிச் சாறு, சர்க்கரை, கற்கண்டுப் பொடி, தேன், பசும்பால், தேங்காய்ப்பால், பருப்புப் பொடி, நெய் எல்லாவற்றையும் அளவாகக் கூட்டி இளஞ்சூட்டில் இறக்கும் ஒரு சுவைக்கட்டியையே சமைத்துக் காட்டுகிறார். ஞானத்தைச் சொல்ல வந்தவர் பதம் தெரிந்தவர் என்பது அதில் தெரிகிறது.

அதே நூற்றாண்டில், வடக்குத்திலிருந்து வடகிழக்கே அதிகத் தொலைவில்லாத நெல்லிக்குப்பத்தில், இயந்திர ஆலை வந்தது. 1840-களில் தொடங்கிய இந்தச் சர்க்கரைத் தொழில் பாரி கம்பெனியின் கைக்குள் வளர்ந்து, 1897-ல் அமைந்த ஈஸ்ட் இந்தியா டிஸ்டில்லரீஸ் அண்ட் சுகர் ஃபாக்டரீஸ் என்ற நிறுவனத்தின் பகுதியாயிற்று. பெயரிலேயே சாராயமும் சர்க்கரையும் சேர்ந்திருந்தன. இதே நிறுவனம் தெற்கே குலசேகரப்பட்டினத்தில் பனஞ்சாற்றிலிருந்தே வெள்ளைச் சர்க்கரை எடுக்கும் ஆலையை நடத்தியது. ஆலைக்குச் சாறும் ஆளும் சரக்கும் போய்வர, திருச்செந்தூரிலிருந்து குலசேகரப்பட்டினம், உடன்குடி வழியாகத் திசையன்விளை வரை, இரண்டடி அகல இருப்புப்பாதையில் ஒரு குட்டி ரயிலே ஓடியது. 1910-களின் நடுவில் தொடங்கிய அந்த ரயில் 1940-ல் நின்றது. ஆலை அதற்கு முன்பே மூடப்பட்டிருந்தது. காரணத்தை ஊகிப்பது கடினமில்லை. கரும்பை வெட்டிக் குவித்து வண்டியில் கொண்டுவரலாம். பனஞ்சாறோ ஆயிரம் மரத்தில், ஆயிரம் கலயத்தில், ஒரே விடியலில் இறங்குகிறது. ஆலைக்குப் போய்ச் சேரும்வரை அது காத்திருக்காது. ஒரு வீடு, ஒரு கொப்பரை, முப்பது மரம் என்ற பழைய அளவுதான் அதற்குப் பொருந்தும்.

அரசுக்கோ பனை என்றால் கள் வரி. மதுத் தீர்வைக்கான 1886-ஆம் ஆண்டுச் சென்னை ஆப்காரிச் சட்டம், புளித்ததாயினும் புளிக்காததாயினும் பனை, தென்னை, ஈச்ச மரங்களில் இறக்கிய சாறு எல்லாமே கள் என்று வரையறுத்தது. சட்டத்தின் கண்ணில் சுண்ணாம்பு பூசிய கலயமும் பூசாத கலயமும் ஒரே குலம். வெல்லத்துக்காக இறக்குபவர்களுக்கு விதிவிலக்குத் தர வேண்டியிருந்தது. அதைப் பெறவும் காக்கவும் அவர்கள் அதிகாரிகளின் தயவை நாடி நிற்க வேண்டியிருந்தது. கலயத்தை எட்டிப் பார்த்துச் சுண்ணாம்பு இருக்கிறதா என்று சோதிப்பது அரசுப் பணியாயிற்று.

1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியபோது நிலை தலைகீழானது. கள்ளிறக்கியவர்களுக்கு மாற்றுத் தொழிலாகப் பதநீரும் பனைவெல்லமும் முன்வைக்கப்பட்டன. இதற்கான சிந்தனை காந்திய வட்டத்திலிருந்து வந்தது. 1934-ல் அமைந்த அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கத்தில் ஜே.சி. குமரப்பா கிராமப் பொருளாதாரத்தை வகுத்துக்கொண்டிருந்தபோது, கஜானன் நாயக் பனைவெல்லத்தையே தம் பணியாக எடுத்துக்கொண்டார். கரும்புக்கு நல்ல நிலமும் நீரும் வேண்டும், பனைக்கு இரண்டும் வேண்டாம் என்பது அவர்கள் வாதம். அதில் பிழை காண முடியாது. ஏறுபவரின் முதுகும் நெஞ்சும் அந்தக் கணக்கில் சேரவில்லை என்பதைத் தவிர. 1948-ல் மதுவிலக்கு மாகாணம் முழுவதும் பரவியபின், பனைவெல்லக் கூட்டுறவுச் சங்கங்கள் ஊர்தோறும் தோன்றின. பனைவெல்லத் தொழில் கற்பிக்கும் மத்தியப் பயிற்சிப் பள்ளி ஒன்று கடலூரிலேயே நடந்தது. பின்னர் இந்தப் பணி கதர் கிராமத் தொழில் ஆணையத்தின் கீழ் வந்தது.

தேனும் அதே காலத்தில் பெட்டிக்குள் வந்தது. திருச்சிப் பகுதியில் பாதிரியார் நியூட்டன் 1910-களில் பொந்துத்தேனீக்கு ஏற்ற சிறிய பெட்டியை அமைத்தார். அது நியூட்டன் பெட்டி என்றே பெயர் பெற்றது. 1920-களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ.வின் ஸ்பென்சர் ஹாட்ச் அதைக் குடிசைத் தொழிலாக்கினார். 1990-களின் தொடக்கத்தில் தாய்லாந்துப் பைப்புழு என்னும் வைரஸ் நோய் தென்னிந்தியப் பெட்டிக் கூட்டங்களைப் பெருமளவில் அழித்தது. பெட்டித் தேன் வீழ்ந்த அந்தக் காலத்தில்தான், 1993-ல், இன்று கோத்தகிரியில் இயங்கும் கீஸ்டோன் அறக்கட்டளை தொடங்கியது. மலைவாழ் மக்களின் காட்டுத்தேனை வடித்து விற்கும் ஏற்பாட்டை அது செய்தது.

கலப்படம் இரண்டு பொருளுக்கும் பொது நோய். தேனில் சர்க்கரைப் பாகையும், கருப்பட்டியில் கரும்புச் சர்க்கரையையும் கலக்கிறார்கள். தீக்குச்சியைத் தேனில் முக்கிப் பற்றவைப்பது, மையுறிஞ்சும் தாளில் சொட்டுவிடுவது போன்ற வீட்டுச் சோதனைகள் ஈரத்தைத்தான் காட்டும், கலப்பைக் காட்டாது. ஆய்வகம் கார்பனின் ஐசோடோப்பு விகிதத்தைப் பார்க்கிறது. கரும்பு ஒளிச்சேர்க்கை செய்யும் வழி வேறு. தேனீ நாடும் பூக்களில் பெரும்பாலானவற்றின் வழி வேறு. அந்த வேறுபாடு சர்க்கரையில் பதிந்திருக்கும். பனை இந்த விஷயத்தில் தேன்பூக்களின் கட்சி. எனவே கருப்பட்டியில் கலந்த கரும்பை அந்தச் சோதனை பிடிக்கும். தேனில் பனம்பாகைக் கலந்தால் பிடிக்காது. விலையைப் பார்த்தால் அப்படிக் கலக்க யாருக்கும் கட்டுப்படியாகாது.

மீண்டும் வடக்குத்துப் பக்கம் வருவோம். அதை ஒட்டிய நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் என்பவரின் நிலத்தில் 1930-களில் கிணறு தோண்டியபோது கரும்பொருள் வெளிப்பட்டது. 1956-ல் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் பதிவானது. 1957-ல் சுரங்கம் தோண்டும் பணி தொடங்கியது. திறந்தவெளிச் சுரங்கம் என்பதால் மேல்மண்ணும் அதன் மேலிருந்த தோப்பும் வரப்பும் முதலில் போக வேண்டும். வரப்பு போனால் வரப்புப் பனையும் போகும். மாதச் சம்பளம், ஒப்பந்தக் கூலி, கட்டட வேலை என்று பிழைப்புக்குப் புது வழிகள் திறந்ததும், உயிரைப் பணயம் வைத்துப் பனையேற மகனை அனுப்பத் தந்தையரே விரும்பவில்லை. பனையோலையில் கொப்பரை காய்ச்சிய அடுப்படிக்குக் கீழே நாட்டுக்கே மின்சாரம் தரும் எரிபொருள் கிடந்தது என்பது நெய்வேலிப் பக்கத்துக்கே உரிய வேடிக்கை.

மதுவிலக்கு 1971-ல் தளர்ந்து, 1974-ல் திரும்பி, 1981-ல் மீண்டும் தளர்ந்தது. 1987 ஜனவரி 1 முதல் கள்ளும் சாராயமும் தடையாயின. கள் மீதான தடை இன்றும் நீடிக்கிறது. ஒவ்வொரு மாற்றத்திலும் பனையேறிகள் கள்ளுக்கும் பதநீருக்கும் இடையே அலைந்தார்கள். சுண்ணாம்பு பூசிய கலயம் வைத்திருந்தும் கள்ளிறக்கியதாக வழக்குப் பதிகிறார்கள் என்ற முறையீடு பனையேறிகளிடமிருந்து தொடர்ந்து வருகிறது. 1886-ல் எட்டிப் பார்க்கத் தொடங்கிய அந்தக் கண் இன்னும் கலயத்திலேயே இருக்கிறது.

2011 டிசம்பர் 30 அதிகாலை தானே புயல் கடலூர் மாவட்டத்தைக் கடந்தது. பண்ருட்டி, குறிஞ்சிப்பாடிப் பகுதியின் முந்திரித் தோப்புகளும் பலா மரங்களும் வேரோடு சாய்ந்தன. முந்திரி சாய்ந்ததால் அடுத்த பருவத்தில் தேனீக்குப் பூவும் குறைந்தது. சாய்ந்த தோப்புகளுக்கு நடுவே நிமிர்ந்து நின்றவை பெரும்பாலும் பனைகள்தாம்.

2021 ஆகஸ்ட் 14 அன்று தமிழ்நாட்டின் முதல் தனி வேளாண் நிதிநிலை அறிக்கையை வேளாண் அமைச்சர் எம்.ஆர்.கே. பன்னீர்செல்வம் படித்தார். வடக்குத்து அடங்கிய வட்டத்தின் தலையூரான குறிஞ்சிப்பாடியின் அன்றைய சட்டமன்ற உறுப்பினர் அவர். 30 மாவட்டங்களில் 76 லட்சம் பனை விதைகளும் 1 லட்சம் பனங்கன்றுகளும் வழங்கப்படும், நியாயவிலைக் கடைகளில் பனைவெல்லம் விற்கப்படும், பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று அந்த அறிக்கை சொன்னது. இரண்டு ஆண்டு கழித்து உடன்குடிக் கருப்பட்டி புவிசார் குறியீடு பெற்றது. ஏரிக்கரைகளில் கொட்டை ஊன்றும் வேலையை ஊர் இளைஞர்களும் பள்ளிப் பிள்ளைகளும் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். பனங்கொட்டை முளைத்து முதலில் வேரைத்தான் ஆழமாக இறக்கும். தண்டு தலைகாட்டப் பல ஆண்டு பிடிக்கும். ஊன்றிய மரம் ஆணா பெண்ணா என்பதே பாளை விட்டால்தான் தெரியும். அதற்குப் பன்னிரண்டு முதல் இருபது ஆண்டுகள் ஆகும்.